ரிஜெக்ட் தண்ணீர்

எல்லம்மாக்கா கூடையை அப்படியே கவிழ்த்தாள். தக்காளிகள் எங்கள் ரோஜாப் பண்ணை கேட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் உருண்டு ஓடின. காலை வேன்கள் வந்து நின்ற நேரம். வேலைக்கு இறங்கிய பெண்கள் பழங்களை மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள்.

ஒன்று என் செருப்பில் வந்து முட்டி நின்றது. மேலே நல்ல சிவப்பு. குனிந்து எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் எட்டணா அகலத்துக்குக் கருத்து, தோல்போல அமுங்கிக் கிடந்தது.

"இதத் தின்னு பாக்கலாம்," என்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"என்னா ஆச்சுன்னு நான் உன்னக் கேக்கறன். உங்க ரோசாவுக்கு அடிக்கிற மருந்து காத்துல வந்து எங்க தோட்டத்துல எறங்குது. மூணு பறிப்பு இப்பிடியே போச்சு. மண்டியில கூடையத் தொடக்கூட மாட்டேங்கறான். ரோட்டுல கொட்டிட்டுப் போன்னு சொல்லிட்டான். அதான் உங்க ரோட்டுல கொட்டறன்."

என்னை வெளியே அனுப்பியவர் மேனேஜர் சுதாகர். பெங்களூர்க்காரர். தமிழ் அவருக்கு நன்றாகவே புரியும்; சண்டை என்று வந்தால் மட்டும் புரியாது. அப்போதெல்லாம், "ஸ்டெல்லா, என்னன்னு பாரு," என்பார்.

ஒரு பழத்தை உள்ளே கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். பேனா மூடியால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் நிம்மதி வந்தது.

"இது ஸ்ப்ரே டேமேஜ் இல்ல. கால்சியம் ப்ராப்ளம். காய்க்குக் கால்சியம் போகல. போடச் சொல்லு."

அவர் சொன்னது முழு உண்மை. நான் வாசலுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். எல்லம்மாக்கா காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்த வாரமே அவள் கணவர் ஓசூர் உரக் கடையில் கால்சியம் வாங்கித் தெளித்தார். அடுத்த பறிப்பிலும் அடி கருத்துத்தான் வந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய ஆட்களை எல்லாம் ஓரளவுக்கு மன்னித்துவிட்டுத்தான் எழுதினேன். இந்த வாரம் அப்படி இல்லை. இதில் மன்னிக்க முடியாதவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன்.

ஈசி பார்க்கிற வேலை

நான் தூத்துக்குடிப் பக்கம். அப்பா உப்பளத் தொழிலாளி. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு கல்யாணம். என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் காண்டிராக்ட் வேலை. தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் குடியேறினோம். இடப்பக்க வீட்டில் தெலுங்கு, வலப்பக்கத்தில் கன்னடம், எதிரில் மதுரைக்காரர்கள். தண்ணீர்க் குழாயடியில் மூன்று மொழியும் கலந்து ஒரு பாஷை ஓடும். மூன்று மாதத்தில் எனக்கும் அது வந்துவிட்டது.

தேன்கனிக்கோட்டை போகிற பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் அந்த ரோஜாப் பண்ணை. ஏக்கர் கணக்கில் பாலிஹவுஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள். உள்ளே போனால் முகத்தில் வெந்நீர் ஆவி அடிப்பதுபோல் இருக்கும். பூக்கள் எல்லாம் விமானமேறி வெளிநாட்டுக்குப் போகும். பிப்ரவரி வந்தால் எங்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது.

என் வேலை உரத் தொட்டி அறையில். ரோஜாவுக்குச் சொட்டு நீரில் உரம் கரைந்து போகும். அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி உண்டு. தடித்த பேனா மாதிரி இருக்கும். முனையைத் தண்ணீரில் விட்டால் எண் காட்டும். அந்த எண்ணுக்குத்தான் ஈ.சி. என்று பேர். "ஈசி பாத்தியா? ஈசி எவ்ளோ?" என்பதுதான் பண்ணையில் காலை வணக்கம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சுலபமான வேலை போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

உப்பு என்றால் கறிக்குப் போடுவது மட்டும் இல்லை. தண்ணீரில் கரைகிற உரமும் உப்புதான். ஒன்றரையில் நிற்க வேண்டும். இரண்டுக்குப் போனால் சுதாகர் ஓடி வருவார். "ரூட் பர்ன் ஆயிடும் ஸ்டெல்லா! செடி சாப்பிடாது!" என்று கத்துவார். ரோஜா என்றால் அவருக்கு அவ்வளவு பதற்றம்.

எங்கள் போர் தண்ணீர் கடினமானது. ரோஜா தாங்காது. அதனால் பெரிய ஆர்.ஓ. மிஷின் வைத்திருந்தார்கள். அது தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும். ஒரு குழாயில் சுத்தமான தண்ணீர் தொட்டிக்கு வரும். பிரித்தெடுத்த உப்பையெல்லாம் சுமந்துகொண்டு மிச்சத் தண்ணீர் இன்னொரு குழாயில் வெளியேறும். அதற்கு ரிஜெக்ட் என்று பேர். பாத்திகளிலிருந்து வடிகிற உரத் தண்ணீரையும் அதே குழாயில்தான் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் குழாய் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் நுழைந்து ஓடையில் திறந்தது. ஓடை சரிவில் இறங்கி எல்லம்மாக்காவின் கிணற்றை ஒட்டிப் போனது.

ரிஜெக்டின் எண்ணையும் நான்தான் தினமும் நோட்டில் எழுதுவேன். ஐந்து, ஐந்தரை, சில நாள் ஆறு. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. எழுதியவளும் யோசித்ததில்லை.

நாக்குக்குத் தெரிந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பண்ணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது குறுக்கு வழி. வரப்பில் நடந்து வந்தால் எல்லம்மாக்காவின் தோட்டம்.

அவள் கணவர் நாராயணப்பா செடி செடியாகக் குனிந்து, தூரில் பொட்டாஷ் வைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு உரம். கையெல்லாம் செங்கல் பொடி அப்பினமாதிரி இருந்தது. எல்லம்மாக்கா பின்னாலேயே மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தாள்.

"இல ஓரம் காயுது பாருமா. பொட்டாஷ் கொறவுன்னு கடைக்காரர் சொன்னாரு," என்றார் அவர்.

இலைகளைப் பார்த்தேன். ஓரம் மட்டும் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் கருகியிருந்தது. மீதி இலை கருநீலம் கலந்த பச்சை. வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. வெயில் ஏற ஏறச் செடிகள் தொங்கின. ஆனால் கால் வைத்தால் மண் சொதசொதவென்று இருந்தது. காலையில்தான் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.

வரப்போரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கோலமாவு சிந்தியதுபோல் மெல்லிசாக. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு சோதனைக்கூடம் வேண்டாம். அங்கே வரப்பு வெள்ளையானால் எங்கள் வீட்டில் சந்தோஷம். அப்பா அந்த வெள்ளைக்காகத்தான் காலெல்லாம் வெடித்து நின்றார். அங்கே புல்கூட முளைக்காது. முளைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. இங்கே இரண்டு பேர் அந்த வெள்ளைக்கு நடுவில் தக்காளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கெணத்துத் தண்ணி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கரிக்குது. மழ இல்லாத வருசத்துல கெணறு எறங்கினா கரிக்கத்தான செய்யும்? குடிக்கறதுக்குப் பஞ்சாயத்துக் கொழாய்தான்."

மழை பொய்த்த வருஷங்கள் அவை. எல்லாப் பழியையும் தாங்க வானம் இருந்தது.

எனக்கு அந்த வரப்பிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வேருக்குள் இருக்கிற சாறு, வெளியே மண்ணில் இருக்கிற ஈரத்தைவிடச் செறிவானது. அதனால்தான் தண்ணீர் உள்ளே போகிறது. மண் ஈரத்தில் உப்பை ஏற்றிவிட்டால் அந்த இழுவை தளர்ந்துபோகும். சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். பொட்டாசியம் போக வேண்டிய வழியில் சோடியம் முண்டியடித்துக்கொண்டு நுழையும். இலை ஓரம் கருகும். கால்சியத்துக்குத் தனியாகப் போகத் தெரியாது. தண்ணீர் ஏறினால்தான் அதுவும் ஏறும். தண்ணீர் குறைந்தால் அது போய்ச் சேராத கடைசி இடம் பழத்தின் அடி. மண்ணில் மூட்டை மூட்டையாகக் கால்சியம் கிடந்தாலும் பழம் அது இல்லாமல்தான் அழுகும்.

அவர்கள் தூரில் வைத்த பொட்டாஷும் ஓர் உப்பு. நாக்கு வறண்டு கிடக்கிறவன் வாயில் ஊறுகாயைத் திணிக்கிற வேலை அது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நிறுத்துங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தோணிக்கு அந்த மாதம் ஷிப்டு குறைத்துவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதைக் காரணம் என்று எழுதுகிறேனே தவிர, நியாயம் என்று எழுதவில்லை. "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பேக்கிங் அறையில் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். அவள் ஊரில் ராகி விளைந்தால் யானை வந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "எங்களுது பரவால்ல. யார் தின்னதுன்னு காலடியப் பாத்தாத் தெரிஞ்சிடும்." மற்றவர்கள் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

வாசிக்காத வரி

எல்லம்மாக்கா விடுகிற ஆள் இல்லை. ஊராட்சியில் போய் உட்கார்ந்தாள். பூ மருந்தால்தான் பயிர் போகிறது என்று மனுக் கொடுத்தாள். பண்ணைக்காரர்கள் பெரிய மனசு பண்ணுகிறமாதிரி, தங்கள் செலவிலேயே ஒரு மண் நிபுணரை வரவழைத்தார்கள். அவர் தோட்டத்தில் மண் எடுத்துப் போய்ப் பத்து நாள் கழித்து முடிவோடு வந்தார்.

ஊராட்சிக் கட்டடத்தில் கூட்டம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். நிபுணர் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசினார். தமிழில் சொல்ல என்னை நிறுத்தினார்கள்.

அவர் வாசித்தார். நான் சொன்னேன்.

"மண்ணுல மருந்து எதுவும் இல்ல."

"தழைச்சத்து அதிகமா இருக்கு."

"சாம்பல் சத்து, அதான் பொட்டாஷ், ரொம்ப அதிகம்."

"கால்சியம் வேணுங்கிற அளவு இருக்கு."

எல்லாம் சரிதான். எங்கள் பாத்தியிலிருந்து வடிந்த உரமும் நாராயணப்பா கொட்டிய மூட்டைகளும் அங்கேதானே கிடந்தன! சுதாகர் முன் வரிசையில் இருந்து, "எங்க மண்ணவிட உங்க மண்ணு பணக்கார மண்ணு," என்று தமிழிலேயே சொன்னார். அன்றைக்குத் தமிழ் வந்தது.

நான் நிபுணரின் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கையிலிருந்த மண் பரிசோதனை அட்டை என் கண்ணுக்கு நேராக இருந்தது. கால்சியத்துக்குக் கீழே இன்னொரு வரி. உப்பு நிலை. அதில் ஓர் எண்ணும் இருந்தது. அதைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம்கூடப் போட்டிருந்தார்கள். நிபுணரின் விரல் அந்த வரிமேல் வந்தது. அரை விநாடி நின்றது. தாண்டிப் போய்விட்டது.

அவர் பொய் எழுதவில்லை. எழுதியதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லம்மாக்கா எழுந்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாம் மண்ணுல இருக்குதுன்னா, அப்பறம் ஏம்மா செடி எடுத்துக்க மாட்டேங்குது?"

அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதற்கு விடை தெரிந்தவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தோம்.

நான் அதை ஆங்கிலத்தில் நிபுணரிடம் சொன்னேன். அவர் புன்னகை செய்துகொண்டே பதில் சொன்னார். நான் அதைத் தமிழில் எல்லம்மாக்காவிடம் சொன்னேன்:

"பராமரிப்பு சரியில்லையாம்க்கா. உரத்தை அளவில்லாம போட்டிருக்கீங்களாம். பயிர் வைக்கிற முறையைக் கத்துக்கணுமாம்."

யாரோ சிரித்தார்கள். பதினைந்து வயசிலிருந்து கழனியில் நிற்கிறவளிடம் சொல்கிற சொல்லா அது? அதுவும் என் வாயால்.

நாராயணப்பா எழுந்து நின்றார். தெலுங்கில், "நீதானே போடு போடுன்னு உசிர வாங்கின," என்று எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினார். துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே பெங்களூரில் கட்டுகிற அடுக்குமாடி ஒன்றுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். மண்ணைக் கெடுத்தவள் என்று ஊரில் அவளுக்குப் பேரும் வைத்தாயிற்று.

ஒரு சொம்பு

மூன்று நாள் கழித்து, வேலை முடிந்ததும் ஈசி பேனாவைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. எல்லம்மாக்கா காய்ந்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அக்கா, கெணத்துல ஒரு வாளி தண்ணி எடுக்கணும்."

"எதுக்கு? அதையும் தப்பா எறைக்கறன்னு சொல்லப் போறியா?"

"எடுங்கக்கா. காட்டுதேன்."

எடுத்தாள். பேனா முனையை உள்ளே விட்டேன். எண் ஏறி நாலுக்குப் பக்கத்தில் நின்றது. என்ன அர்த்தம் என்று சொன்னேன். எங்கள் ரோஜாவுக்கு ஒன்றரை என்று சொன்னேன். ரிஜெக்ட் என்றால் என்ன, அது எந்தக் குழாயில் வருகிறது, அவள் செடி ஏன் எடுத்துக்கொள்ளவில்லை, பழத்தின் அடி ஏன் கருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அட்டையில் வாசிக்காமல் விட்ட வரியையும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கு முன்னாடி? பொட்டாஷ் வெச்சப்ப வந்தியே?"

"அப்பவும் தெரியும்க்கா."

வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடி."

வாங்கிக் குடித்தேன். கரித்தது. அடித்தொண்டையில் கசந்தது. முழுசும் குடிக்கும்வரை சொம்பின் அடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எம் புருசன் போய்ட்டான்," என்றாள். குரல் உயரவே இல்லை. "எங் கையே சரியில்லன்னு நானே நம்பிட்டன். ராத்திரியெல்லாம் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கறன். நீ படிச்சவ. ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இத்தினி நாளா?"

அவளே பேனாவைப் பிடுங்கி, மறுபடி வாளிக்குள் விட்டு, எண்ணைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது; எண் தெரியும்.

"நாளான்னிக்கு இத எல்லார் முன்னாடியும் செய். செய்வியா?"

"செய்வேன்க்கா."

நாலு குடங்கள்

சொன்ன நாளில், காலை வேன்கள் வந்து நிற்கிற நேரத்தில் எல்லம்மாக்கா வந்தாள். கூட மூன்று பெண்கள். ஓடையோரமே தோட்டம் வைத்திருந்தவர்கள். நாலு பேர் இடுப்பிலும் நாலு குடம். அவரவர் கிணற்றுத் தண்ணீர். கேட்டுக்கு முன்னால் வரிசையாக இறக்கி வைத்தார்கள்.

நான் உள்ளேயிருந்து இரண்டு மக் கொண்டு வந்தேன். ஒன்றில் ரோஜாவுக்குப் போகிற தண்ணீர். ஒன்றில் ரிஜெக்ட்.

பயமில்லாமல் கொண்டு வந்தேன் என்று எழுதிவிட ஆசைதான். பயந்துகொண்டேதான் கொண்டு வந்தேன்.

"இது நம்ம ரோஜா குடிக்கிற தண்ணி. ஒன்னரை," என்று சத்தமாகச் சொன்னேன். வேலைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். "இது எல்லம்மாக்கா கெணறு. நாலு. இது அவங்க பக்கத்துத் தோட்டம். மூணே முக்கால்." குடம் குடமாகப் போனேன். ஓடையில் மேலேயிருந்து கீழே போகப் போக எண் இறங்கியது. கடைசி மக்கில் முனையை விட்டேன். "இது நம்ம குழாய்ல வெளிய போற தண்ணி. அஞ்சே முக்கால்."

சுதாகர் ஓடி வந்தார். ஈசி இரண்டுக்குப் போன நாளில் ஓடி வந்ததைவிட வேகமாக வந்தார்.

"ஸ்டெல்லா, உள்ள போ. அது கம்பெனிப் பொருள். குடு."

"ரெண்டைத் தாண்டினா செடி சாப்பிடாதுன்னு நீங்கதானே சார் எனக்குச் சொல்லித் தந்தீங்க? தக்காளிக்குச் சொல்லித் தரலையா?"

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினார். "யூ டோன்ட் கம் ஃப்ரம் டுமாரோ," என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம். கூட்டத்தைப் பார்த்து, "வாட்டர் கொடுத்தா தப்பா? காஞ்ச ஓடைல தண்ணி ஓடுதேன்னு சந்தோஷப்படணும்!" என்றார்.

எல்லம்மாக்கா ரிஜெக்ட் மக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சந்தோசமாக் குடி சார்."

அவர் வாங்கவில்லை. கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

நிலம் என்ன ஆனது

படிக்கிறவர்கள் கேட்பீர்கள் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிணற்று நீரை எல்லம்மாக்கா அத்தோடு நிறுத்தினாள். மண்ணில் ஒட்டிய சோடியத்தைப் பெயர்த்தெடுக்க ஜிப்சம் போட்டாள். மழைத் தண்ணீரைத் தேக்கி உப்போடு வடித்துவிட வரப்புகளை உயர்த்தி, கீழ்ப்பக்கம் வடிகால் வெட்டினாள். எனக்கு வேலை இல்லாததால் கூலிக்கு என்னைக் கூப்பிட்டாள். மண்வெட்டி பிடித்துக் கையில் கொப்புளம் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரப்பைக் காட்டினாள். நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது நடக்கும்.

இரண்டு நல்ல மழைக்காலம் போன பிறகு ராகி வந்தது, திட்டுத் திட்டாக. அறுப்புக்கு நாராயணப்பா பெங்களூரிலிருந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு ஓர் ஓரத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தார். எல்லம்மாக்கா அவருக்கும் சேர்த்துக் களி கிண்டினாள். ஆனால் கூட்டத்தில் கத்தியதற்கு அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதை மறக்கவில்லை. நான் ஓசூரை விட்டு வரும்வரை அந்த நிலத்தில் தக்காளி பழையபடி வரவில்லை.

நிபுணர் என்ன ஆனார் என்று தெரியாது. எங்காவது யாருடைய மண்ணையோ அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருப்பார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

நாலு குடம் வைத்த பத்தாவது நாள். வடிகாலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தோம். ஓடையில் தண்ணீர் வரத்து நின்றிருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டோம்க்கா," என்றேன்.

எல்லம்மாக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பண்ணைப் பக்கம் பார்த்தாள். "அந்த மிஷின் ஓடறது நின்னுச்சா?"

நிற்கவில்லை. ரோஜா இருக்கும்வரை அது எப்படி நிற்கும்? காம்பவுண்டை ஒட்டி நடந்து போய்ப் பார்த்தோம். பழைய குழாய் வாயில் சிமெண்டு பூசியிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. அதற்குப் பக்கத்திலிருந்து புதுக் கருப்பு ஓஸ் ஒன்று கிளம்பி, ரோட்டுக்கு அடியில் இருந்த சிறுபாலத்துக்குள் நுழைந்தது. மறுபக்கம் எழும்பி, புதர்களுக்குள் மண் போட்டு மூடியிருந்தது. மண் இன்னும் புதுச் சிவப்பாக இருந்ததால் போகிற வழி தெரிந்தது.

மனு, கூட்டம், நிபுணர், என் வேலை, அவள் மானம், எல்லாவற்றுக்கும் அவர்கள் செய்தது இவ்வளவுதான். குழாயைத் திருப்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் வாய் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவர்களுடைய அத்தனை படிப்பும் அதைக் கணக்குப் போடத்தான் உதவியது.

எல்லம்மாக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"நட," என்றாள்.

ஓஸ் போன வழியே போனோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அது ஒரு சின்ன ஓடையில் போய் முடிந்தது. அதற்குக் கீழே பீன்ஸ் தோட்டம். கொடி கம்பைச் சுற்றி ஏறிப் பூ வைத்திருந்தது. கருகாத இலைகள். நடுத்தர வயசுக்காரர் ஒருவர் டீசல் இன்ஜினை ஓடவிட்டு, ஓடையிலிருந்து தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார். கன்னடக்காரர்.

எல்லம்மாக்கா கன்னடத்தில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "இந்தத் தண்ணிய எறைக்காத!"

"யாரு நீங்க?"

"அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி. இது கெட்ட தண்ணி. உப்பு. பயிர் போயிரும்."

அவர் சிரித்தார். "வாய்ல வெச்சுப் பாத்தன். லேசாத்தான் கரிக்குது. வெயில் காலத்துல ஓடையில தண்ணி வர்றதே பெருசு. யாரோ பூக் கம்பெனிக்காரங்க விடறாங்களாம். நல்லா இருக்கட்டும்."

"நானும் அப்பிடித்தான் சொன்னன்," என்றாள் எல்லம்மாக்கா.

"என் பயிர் நல்லாத்தான இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். பீன்ஸ் தக்காளி அளவுக்குக்கூட உப்பைத் தாங்காது. எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது, எந்த எண்ணைக் காட்டுவது என்று தெரியாமல் வெறுங்கையோடு நின்றேன்.

எல்லம்மாக்கா நேராக நடந்து போனாள். வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாத்திக்குள் திரும்புகிற மடை வாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் முதுகில் மோதி, மடை தாண்டி வரப்பில் வழிந்தது. மடையின் ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

"ஏய்! எந்திரிங்க! பைத்தியமா உங்களுக்கு?" அவர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

எல்லம்மாக்கா நகரவில்லை. வலது கையை முழங்கைவரை மண்ணில் ஊன்றிக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள். "வெட்டு. வெட்டிட்டு எற. ரெண்டு வருசம் கழிச்சு உனக்குப் பயிர் வெக்கத் தெர்லன்னு ஒருத்தன் அட்ட எடுத்துக்கிட்டு வருவான். இவதான் அதக் கன்னடத்துல சொல்லுவா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சேலை இடுப்புவரை நனைந்தது. அவர் ஏதேதோ திட்டினார். மடைக்கும் இன்ஜினுக்கும் இரண்டு தடவை நடந்தார். மூன்றாவது தடவை போனவர் இன்ஜினை நிறுத்தினார். அந்தச் சத்தம் போனதும் காது அடைத்ததுபோல் ஆயிற்று. திரும்பி வந்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு, எங்களுக்கு எதிரில் வரப்பில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "சொல்லுங்க."